வருஷக்கணக்கில் நின்ற பைக்கின் கார்பரேட்டர்: ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஷெட்டில் ஓரமாக நின்ற பைக்கைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்கிற காரியம், நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, “ட்யூனிங் போயிருக்கு” என்று முடிவு கட்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டரின் பக்கவாட்டில் கண்ணில் படும் இரண்டு ஸ்க்ரூவையும் இப்படியும் அப்படியுமாகத் திருகுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறுத்திய நாளில் வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால், நின்ற காலத்தில் எந்த ஸ்க்ரூவும் தானாகச் சுற்றிக்கொள்ளவில்லை. மாறியது உள்ளே இருந்த பெட்ரோலும் அதைத் தொட்டுக்கொண்டிருந்த ரப்பரும்தான். அதனால் சுத்தம் முதலில், ட்யூனிங் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்து எது எதனால் என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

இது 2020 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கான விஷயம். பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு ஏறக்குறைய எல்லா பைக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. சேலத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஆர்எக்ஸ் 100, ஸ்பிளெண்டர், பழைய புல்லட், பழைய பல்சர் எல்லாம் கார்பரேட்டர் வண்டிகள்தான். ஏற்காட்டு எஸ்டேட் ஷெட்டுகளில் தார்ப்பாய்க்கடியில் தூங்குகிறவையும் இதே ரகம்தான், ஆனால் மலையில் நின்ற வண்டிக்கும் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் நின்ற வண்டிக்கும் கோளாறு ஒரே மாதிரி இருக்காது. மேலே ஈரம், துரு, குளவிக்கூடு. கீழே வெயில், காய்ந்து விரிந்த ரப்பர், தூசி.

நின்ற பெட்ரோலுக்கு என்ன ஆகிறது

பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது, பல எண்ணெய்களின் கலவை. அதில் சுலபமாக ஆவியாகிறவைதான் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் ஆக்குகின்றன, முதலில் பறந்துபோவதும் அவைதான். மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பழுப்பு நிறப் பிசினாக மாறும். டேங்கில் பல லிட்டர் இருப்பதால் அங்கே இது நிதானமாக நடக்கும். கார்பரேட்டரின் அடியில் இருக்கிற கிண்ணமான பவுலில் இருப்பது கையளவு பெட்ரோல், அதுவும் வெளிக்காற்றுக்குத் திறந்த குழாயோடு, அதனால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. பவுலின் பெட்ரோல் முழுக்க ஆவியானதும் அந்தப் பிசின் எங்கே படியும்? பெட்ரோல் கடைசியாக ஒதுங்கிய இடத்தில், அதாவது பெட்ரோலை அளந்து விடுகிற நுண்துளைப் பித்தளைத் திருகுகளான ஜெட்டுகளைச் சுற்றி.

அடுத்தது எத்தனால். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாக அதுதான் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். அடியில் என்ன இருக்கிறது? டேங்கின் இரும்புத் தகடும் கார்பரேட்டரின் அலுமினிய, துத்தநாகக் கலவையும். இரும்பு பழுப்பாகத் துருப்பிடிக்கும், பவுலில் வெள்ளைப் பொடி பூக்கும், பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு ஏறும். பழைய ரப்பர்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதும், சில இறுகும்.

கார்பரேட்டருக்குப் போகும் முன்

வண்டி வந்ததும் கிக்கரில் காலை வைக்கத்தான் கை கால் பரபரக்கும். வேண்டாம். டேங்கில் துருவும் தண்ணீரும் இருந்தால் அந்த முதல் உதையிலேயே அதையெல்லாம் நீங்களே இன்ஜினுக்குள் இழுத்துவிடுவீர்கள்.

வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் அக்கம்பக்கத்தில் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைப் பிடிக்கும்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, மெதுவாகக் கிக்கரைக் கையால் அழுத்திச் சுற்றுங்கள். இன்ஜின் சுற்றுகிறதா என்பது தெரியாமல் கார்பரேட்டரைக் கழுவி என்ன பயன்? பிளக்கை அதன் கேப்பில் மாட்டி இன்ஜினின் இரும்பில் ஒட்டிவைத்து உதைத்தால் நீலமாகப் பொறி வர வேண்டும். இதைச் செய்யும்போது சிலிண்டர் ஓட்டையைத் துணியால் மூடுங்கள், பெட்ரோல் எதுவும் திறந்த நிலையில் அருகே இருக்கக் கூடாது. பொறி இல்லை அல்லது மஞ்சளாகச் சோர்ந்து வருகிறது என்றால் பிளக், காயில், வயரிங் பக்கம் போங்கள். கார்பரேட்டர் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கோளாறில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும், சிலசமயம் ஃபில்டரின் ஸ்பாஞ்ச் தொட்டாலே பொடிந்து உதிரும். அந்தப் பொடி நேராகக் கார்பரேட்டருக்குள்தான் போகும். கருப்பூர் மேக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடிய வண்டி என்றால் ஃபில்டரில் வெள்ளைத் தூசி அப்பிக் கிடப்பதைப் பார்க்கலாம், தட்டிப் போடாமல் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

டேங்கும் பெட்ரோல் டேப்பும்

டேங்கைக் காலி செய்து, வந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சும்மா வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர். நிறம் அடர்ந்து பெயின்ட் கடை வாடை அடித்தால் கெட்டுப்போனது. இதைச் சாக்கடையிலோ காபித் தோட்டத்து மண்ணிலோ ஊற்றாதீர்கள். செயின் கழுவ வைத்துக்கொள்ளலாம், அல்லது பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லேசான பழுப்புப் படலம் என்றால் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் போதும். செதில் செதிலாக உதிர்ந்தால், டேங்கைக் கழற்றி, டேப்பையும் கழற்றி ஓட்டையை அடைத்து, வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் சூடேறக் காயவைத்து உடனே பெட்ரோலோ ஆயிலோ தடவிவிட வேண்டும். காயவைத்த டேங்கை அப்படியே விட்டால் ஏற்காட்டு ஈரத்தில் மறுநாள் காலையிலேயே புதுத் துரு பூத்திருக்கும். இந்த வேலையை மலையில் செய்யாமல் சேலத்து வெயிலில் செய்வது புத்திசாலித்தனம்.

டேப்பின் உள்ளே ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழுவுங்கள். டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஓஸைக் கார்பரேட்டரிலிருந்து பிடுங்கிப் பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து பாருங்கள். தடையில்லாமல் ஒரே சீராக வர வேண்டும். ஆரம்பத்தில் நன்றாக வந்து போகப் போக இளைத்தால் டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்ததும் மறுபடி வேகம் பிடித்தால் சந்தேகமே வேண்டாம். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால் மட்டும் திறக்கிற வேக்யூம் டேப் இருக்கும், அதில் இந்தச் சோதனை இப்படி வேலை செய்யாது, மெல்லிய வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். டேங்கில் துரு இருந்திருந்தால் ஓஸின் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டுவிடுங்கள்.

எந்தக் கோளாறு, எந்த இடம்

இப்போது கார்பரேட்டரைக் கழற்றாமலேயே ஒரு முயற்சி செய்யலாம். பவுலின் அடியில், உள்ளே இருப்பதை வடிக்கிற டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். டேப்பைத் திறந்துவைத்துக் கொஞ்சம் ஓடவிட்டால் உள்ளே இருந்த தண்ணீரும் தளர்ந்த அழுக்கும் வெளியே வந்துவிடும். சில மாதங்கள் மட்டுமே நின்ற வண்டி இதிலேயே ஸ்டார்ட் ஆகிவிடுவது உண்டு. டிரெய்னில் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் பவுலின் மட்டத்துக்கேற்பப் பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கிற ஃப்ளோட் நீடில் (மிதவையோடு அசைகிற ஊசி) பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பவுலின் பக்கத்தில் மெல்லத் தட்டிப் பாருங்கள்.

கொஞ்சமாவது ஸ்டார்ட் ஆகிற வண்டி தன் கோளாறைத் தானே சொல்லும், கேட்கத் தெரிந்தால் போதும். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, முழுதும் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து சுமார் எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை வேலை செய்வது ஸ்லோ ஜெட் (பைலட் ஜெட் என்பதும் இதுவே). காலிலிருந்து முக்கால்வரை பெரும்பாலும் ஸ்லைடில் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலேறிக் காற்று வழியைத் திறக்கிற அடைப்பு) தொங்குகிற ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். வண்டி எந்த இடத்தில் திணறுகிறது என்று பார்த்தால் எதைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நின்ற வண்டிகளில் மிக அதிகமாகப் பார்க்கிற புகார் இது: சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கைத் தள்ளினதும் அணைந்துவிடுகிறது. நேராக ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். சோக் தனி வழியாகக் கூடுதல் பெட்ரோல் தருவதால் அதன் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐடிலிங் தானாக ஏறிக்கொண்டே போகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்க நேரமாகிறது என்றால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மேனிஃபோல்டு ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெயிலில் நின்ற வண்டியில் வெடிப்பு பளிச்சென்று தெரியும். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு வில்லன் உண்டு, கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றி அடைத்து நிற்கிற ரப்பர் வளையம். வருஷக்கணக்கில் அசையாமல் நின்றால் அதன் உதடு இறுகி, காற்றை உள்ளே விடும். கார்பரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் சரியாகாது. கியர் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் அடங்காத வெள்ளைப் புகை வரும். இந்த நிலையில் வண்டியை முறுக்கி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும், அதனால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நடு வேகத்தில் இழுக்காமல் தயங்குகிறது, பல்சர் மாதிரி சிவி கார்பரேட்டர் (ஸ்லைடைக் கேபிளுக்குப் பதில் இன்ஜினின் உறிஞ்சல் தூக்குகிற வகை) வண்டி என்றால் மேல் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ரப்பர் டயஃப்ரமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு கிழிசல் போதும், பிக்கப் போய்விடும். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் மூச்சு முட்டுகிறது என்றால் மெயின் ஜெட் அல்லது டேங்கிலிருந்து வரத்துக் குறைவு. ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட் நீடில் அடைத்து மூடவில்லை அல்லது ஃப்ளோட் ஓட்டை. கரும்புகை, பிளக்கில் மசி, பெட்ரோல் வாடை என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் சிக்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், பவுலில் மட்டம் ஏறியிருக்கலாம். மலையில் வாங்கிய வண்டிக்குக் குளவியும் ஒரு காரணம், கார்பரேட்டரிலிருந்து தொங்குகிற காற்றுக் குழாயின் முனையில் மண் அப்பி மூடிவைத்திருக்கும், கண்ணுக்கு அது வெறும் சேறு மாதிரித்தான் தெரியும்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், முக்கியமாகக் குழாய்கள் எது எங்கே என்று. ஸ்லைடு வகைக் கார்பரேட்டரில் மேல் மூடியைத் திருகி ஸ்லைடையும் ஊசியையும் கேபிளோடு அப்படியே வெளியே இழுத்து, துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். ஊசி வளைந்தால் கதை முடிந்தது. பல்சரில் த்ராட்டில் சென்சார் வயர் இருந்தால் கப்ளரை மட்டும் பிடுங்குங்கள், சென்சாரைக் கார்பரேட்டரிலிருந்து கழற்ற வேண்டாம்.

பவுலின் நாலு ஸ்க்ரூவும் ஜப்பானிய முறை நட்சத்திரத் தலை. சாதாரண ஸ்டார் டிரைவரின் முனை அதில் அடிவரை உட்காராது, இரண்டு அழுத்தில் தலை வழவழத்துவிடும். சரியான முனையை வைத்து, பின்னாலிருந்து சுத்தியால் ஒரு தட்டு தட்டி, அழுத்தியபடி திருப்புங்கள். அசையவில்லையா, துரு நீக்குகிற ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு தலையை வழிய விட்டால் அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பக்கவாட்டு ஸ்க்ரூ, அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்கிற சின்ன ஸ்க்ரூ. கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பலமாக இறுக்கினால் கூர்முனை உட்காரும் இடத்தையே கெடுத்துவிடும். எழுதின பிறகு முழுசாக வெளியே எடுங்கள், கூடவே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன வாஷர், ஒரு சின்ன ஓ-ரிங் வர வேண்டும். ஓ-ரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனிக்காமல் கிளீனர் அடித்தால் வீங்கி வழியை அடைக்கும். ஐடிலிங் ஸ்க்ரூவையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஐடிலிங் ஸ்க்ரூ ஸ்லைடைத் தாங்குகிற பெரிய ஸ்க்ரூ.

ஃப்ளோட்டைத் தாங்குகிற பின்னை ஒரு பக்கமாகத்தான் வெளியே தள்ள முடியும் என்கிற வகைகள் உண்டு. தலை இருக்கிற பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் சுத்தியால் அடித்தால் தூண் உடைந்துபோகும், உடைந்தால் கார்பரேட்டர் உடம்பே வீண். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வரும். நீடிலின் கூர்முனையைச் சுற்றி நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

சுத்தம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ரப்பர், டயஃப்ரம், ஓ-ரிங், பேக்கிங் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்த பிறகுதான் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், ஒரு துளையில் அடிப்பது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக முகத்துக்கே வரும்.

ஜெட்டுகளைச் சரியான அகலமுள்ள மைனஸ் டிரைவரால் மட்டும் கழற்றுங்கள், பித்தளை மென்மையானது. கழற்றின ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, சுத்தமாகத் தெரிய வேண்டும். வெளிச்சம் வருகிறதே என்று திருப்தி அடையாதீர்கள், பிறை வடிவில் வந்தாலும் வெளிச்சம்தான், ஆனால் பாதி அடைப்பு. கிளீனரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். குத்தித்தான் எடுக்க வேண்டும் என்றால் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். இரும்புக் கம்பி, ஊசி, டிரில் பிட் எதுவும் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் வேறு நம்பர் ஜெட்டாக மாறிவிட்டது, அதற்கு அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

மெயின் ஜெட் உட்காருகிற நீளமான குழாயின் பக்கங்களில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். பெட்ரோலோடு காற்றைக் கலக்கிற இடம் அது. நிறையப் பேர் ஜெட்டை மட்டும் கழுவிவிட்டு இதைத் தொடாமலேயே மூடிவிடுகிறார்கள்.

ஜெட்டைவிட முக்கியம் உடம்புக்குள் ஓடுகிற வழிகள். ஸ்லோ ஜெட் இருந்த ஓட்டையில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்தால், பக்கவாட்டு ஸ்க்ரூவின் ஓட்டையிலும், ஏர் ஃபில்டர் பக்கத்து வாயில் இருக்கிற சின்னத் துளையிலும், இன்ஜின் பக்கத்தில் ஸ்லைடு மூடுகிற இடத்துக்கருகே இருக்கிற நுண்துளைகளிலும் பீறிட்டு வர வேண்டும். எங்கே வரவில்லையோ அந்த வழி அடைப்பு. விரலால் மற்ற ஓட்டைகளை மூடி மூடி அடியுங்கள். பஞ்சர் கடைக்காரரிடம், “அண்ணா, கொஞ்சம் காற்று விடுங்க” என்றால் விடுவார், ஆனால் அந்தக் கம்ப்ரஸரில் தண்ணீர் சேர்ந்திருக்கும், முதலில் வெறும் காற்றில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கிற வெள்ளைப் பொடிக்கும் பச்சைக் களிம்புக்கும் அல்ட்ராசானிக் மெஷின் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப் கிடைத்தால் கொடுத்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைக்கிற கைவைத்தியமும் உண்டு, பளபளப்பாக வரும், ஆனால் அமிலம் உலோகத்தையும் தின்னும். கொஞ்ச நேரத்தில் எடுத்து நன்றாக அலசி ஊதிக் காயவைக்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

மாட்டும்போது

ரிப்பேர் கிட் வாங்கினால் அதிலிருக்கிற ஓ-ரிங், பேக்கிங், ஃப்ளோட் நீடில் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். ஜெட்டுகளையும் ஊசியையும் மட்டும் பழையதே இருக்கட்டும். விலை மலிந்த கிட்டில் வருகிற ஜெட்டின் மேல் பொறித்த நம்பரை நான் நம்புவதில்லை. கம்பெனி ஜெட் கெட்டுப்போகாத வரை அதற்கு மேல் சரியானது கிடையாது.

ஃப்ளோட் உயரம் மாடலுக்கு மாடல் வேறு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவல் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி: டிரெய்ன் முனையில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதை மேல்நோக்கி மடக்கிக் கார்பரேட்டர் ஓரமாகப் பிடித்து, டிரெய்னைத் திறந்து, பெட்ரோலை விடுங்கள். குழாயில் தெரிகிற மட்டம்தான் பவுலுக்குள் இருக்கிற மட்டம். பொதுவாகப் பவுலும் உடம்பும் சேருகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நீடில் மூடவில்லை. இதை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே, மேஜையில் ஒரு பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டுச் செய்து பார்த்துவிட்டால் இரண்டாம் தடவை கழற்றுகிற வேலை மிச்சம்.

ஸ்லைடைப் போடும்போது அதன் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கத்துப் பள்ளம் உள்ளே இருக்கிற சின்ன முனையில் உட்கார வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுசாக இறங்காது, ஸ்டார்ட் ஆன நொடியிலேயே இன்ஜின் அலறும். மாட்டினதும் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், டக்கென்று சத்தம் கேட்டு மூட வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள்.

ஸ்டார்ட்டும் ட்யூனிங்கும்

பக்கவாட்டு ஸ்க்ரூவை நீங்கள் எழுதிவைத்த சுற்றுக்கே கொண்டுவாருங்கள். யாரோ ஏற்கெனவே திருகிக் கெடுத்திருந்தால், முட்டும்வரை உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது நல்ல ஆரம்பம். சோக் போட்டு உதையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சோக்கை மெல்ல எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் செய்த ட்யூனிங் சூடானதும் நிற்காது.

முதலில் மேனிஃபோல்டு ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்து ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, சில நொடி காத்திருந்து கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐடிலிங்கைக் குறைத்து, இன்னொரு தடவை அதே வேலை. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுத்தால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கமாக இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லை என்றால், ஸ்லோ வழி இன்னும் அடைப்பாகவே இருக்கிறது. மறுபடி கழற்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். லேசாக வறுத்த காபிக்கொட்டையின் பழுப்பு இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்து மசியாக இருந்தால் அதிகம். இப்போதைய பெட்ரோலில் நிறம் முன்பு மாதிரி அடர்த்தியாக வராது, கொஞ்சம் வெளிறியே இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து ஜெட்டை மாற்றாதீர்கள்.

மலைக்கு ஏறும் வண்டி

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1515 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஜெட் கொடுக்கிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கீழே சரியாக ட்யூன் செய்த வண்டி மேலே போனதும் பெட்ரோல் அதிகமாகி மந்தமாக இழுக்கும், ஐடிலிங் கனத்துத் தொங்கும், பிளக் கறுக்கும். இது கோளாறு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏறி ஏரியைச் சுற்றிவிட்டு இறங்குகிறவர்கள் எதையும் தொட வேண்டாம். சிவி கார்பரேட்டர் இதை ஓரளவு தானே சமாளிக்கும், ஸ்லைடு வகையில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் மேலேயே குடியிருந்து மேலேயே ஓட்டுகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் சின்னது போடலாம். பக்கவாட்டு ஸ்க்ரூவை மேலேயே வைத்து ட்யூன் செய்யுங்கள். ஆனால் அந்த வண்டியோடு குப்பனூர் வழியாக இறங்கி, சேலத்துச் சித்திரை வெயிலில் பைபாஸில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடிக்கும். இரண்டு இடத்திலும் சமமாக ஓடுகிற வண்டிக்குச் சேலத்து அளவே இருக்கட்டும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போவது இன்ஜினைக் கொல்லாது.

இதே காரணத்தால், ஏற்காட்டில் வண்டி வாங்குகிறவர்கள் அங்கே ஓட்டிப் பார்த்து “பிக்கப் இல்லை” என்று விலை பேசலாம், ஆனால் அது உண்மையிலேயே கோளாறா என்பது கீழே வந்த பிறகுதான் தெரியும். கீழே நன்றாக ஓடுகிற வண்டியில் முந்தைய சொந்தக்காரர் மலைக்காகச் சின்ன ஜெட் போட்டிருக்கிறாரா என்று நம்பரையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, டூ ஸ்ட்ரோக் வண்டியில் மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே நெடுநேரம் இறங்கக் கூடாது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் போதுமான அளவு வராது, நடுநடுவே கொஞ்சம் முறுக்கிக் கொடுங்கள்.

திரும்ப நிறுத்த வேண்டி வந்தால்

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தால் டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து பவுலைக் காலி செய்துவிடுங்கள். டேப்பை மூடிவிட்டு அணையும்வரை ஓடவிடுவதும் நல்லதுதான், ஆனால் பவுலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். இரும்பு டேங்கை விளிம்புவரை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும், பல மாதம் என்றால் பெட்ரோல் ஸ்டெபிலைசர் கலந்து ஊற்றுங்கள். மலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டு இறுக மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும், துணிக் கவர் போடுங்கள். சைலன்சர் வாயிலும் காற்றுக் குழாய் முனைகளிலும் துணி சுற்றுங்கள், எடுக்கும்போது மறக்காமலிருக்க அதே துணியின் ஒரு துண்டைச் சாவியில் கட்டிவிடுங்கள். மாதம் ஒரு தடவை இன்ஜின் நன்றாகச் சூடாகிற அளவுக்கு ஓட்ட முடியும் என்றால் ஓட்டுங்கள். முடியாது என்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், இரண்டு நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீரும், காலி செய்து வைத்த பவுலில் மறுபடி பெட்ரோலும்தான் சேரும்.